வீட்டு சரவுண்ட் சிஸ்டத்தில் ஸ்பீக்கர் லெவல் சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் 5.1 செட் வாங்கிய புதிதில், படம் ஓடும் இரண்டரை மணி நேரமும் அம்மா கையில் ரிமோட் இருக்கும். வசனம் வந்தால் வால்யூமை ஏற்றுவார், சண்டை தொடங்கியதும் அவசர அவசரமாக இறக்குவார். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. செட் அப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்பீக்கராக அளந்து லெவல் வைத்தேன். அன்று இரவு படம் முடியும்வரை ரிமோட் டீப்பாய் மேலேயே கிடந்தது. அதற்கப்புறம் சொந்தக்காரர்கள், நண்பர்கள் வீடுகளிலும் இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன். அங்கெல்லாம் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே இருக்கின்றன. ஏவி ரிசீவரும் (ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் பெட்டி) ஐந்து ஸ்பீக்கரும் (முன் இடது, முன் வலது, நடுவில் சென்டர், பின்பக்கம் இரண்டு சரவுண்ட்) ஒரு சப்வூஃபரும் (பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கானது, சுருக்கமாக சப்) வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

வால்யூம் பட்டன்தான் இருக்கிறதே, லெவல் என்று தனியாக எதற்கு?

வால்யூம் பட்டன் எல்லா ஸ்பீக்கரையும் ஒன்றாக ஏற்றி இறக்கும். லெவல் என்பது ஒரு ஸ்பீக்கருக்கும் இன்னொன்றுக்கும் இடையிலான விகிதம். சென்டர் அடங்கி, வலது சரவுண்ட் கத்திக்கொண்டிருந்தால், வால்யூமை எங்கே வைத்தாலும் அந்தக் கோளாறு அப்படியே கூட வரும்.

படத்துக்கு ஒலிக்கலவை செய்யும் அறையில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் அளந்து வைக்கப்பட்டிருக்கும். திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஓர் இரைச்சல் சிக்னலுக்கு, உட்காரும் இடத்தில் 85 டெசிபல் காட்ட வேண்டும் என்பது சினிமா வழக்கம். அந்த அளவை நம்பித்தான் மழை இவ்வளவு, வசனம் இவ்வளவு, பின்னால் கேட்கும் ரயில் இவ்வளவு என்று ஒலிக்கலவை செய்பவர் முடிவு செய்கிறார். வீட்டு ரிசீவர்கள் பலவற்றில் உள்ளேயே இருக்கும் டெஸ்ட் டோன், அதாவது அளப்பதற்கான இரைச்சல், 10 டெசிபல் குறைவாகப் பதிவாகியிருக்கும். அதனால் வீட்டில் 75 டெசிபல் குறி வைக்கிறோம். எல்லா ஸ்பீக்கரும் உங்கள் இருக்கையில் ஒரே எண்ணைக் காட்டினால், அவர் போட்ட விகிதம் உங்களிடம் குலையாமல் வந்து சேரும்.

ஒரே கம்பெனி, ஒரே செட். ஐந்தும் ஒரே சத்தம்தானே தரும்?

ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும்போது ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம், உங்கள் காதுக்கு வரும்போது இருக்காது. என் ஹாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 11-க்கு 15 அடி, டைல்ஸ் தரை, நாலு பக்கமும் சிமென்ட் சுவர். வாசற்கதவு திறக்க வழி வேண்டும் என்பதால் சோபா வலது சுவரை ஒட்டித்தான் போட முடிந்தது. இடது சரவுண்ட் என் காதிலிருந்து 7 அடி, வலது சரவுண்ட் மூன்றரை அடி. எல்லா லெவலையும் பூஜ்யத்தில் வைத்து அளந்தபோது இப்படி வந்தது: முன் இடது 74, சென்டர் 72, முன் வலது 75, இடது சரவுண்ட் 73, வலது சரவுண்ட் 78.

தூரம் இரட்டிப்பானால் திறந்தவெளியில் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதால் கொஞ்சம் குறைவாகவே இறங்கும், எனக்கு 5 வந்தது. இரண்டு சரவுண்டும் ஒரே மாடல்தான், வித்தியாசம் முழுக்க நான் உட்கார்ந்த இடத்தால் வந்தது. சென்டர் அடங்கிப்போனதற்குக் காரணம் வேறு. அது டிவி ஷெல்ஃபுக்குள் ஒரு முழம் உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தது.

கடைசியில் வைத்த லெவல்கள்: முன் இடது +1, சென்டர் +3, முன் வலது 0, இடது சரவுண்ட் +2, வலது சரவுண்ட் −3. எல்லாம் 75.

என்னென்ன தேவை?

ஒரு டேப், ஒரு சவுண்ட் லெவல் மீட்டர் அல்லது போன், கேமரா ஸ்டாண்ட், பேப்பர், பேனா. அப்புறம் அமைதி. இதைத்தான் நம் வீடுகளில் பலர் மறந்துவிடுகிறார்கள். சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது என் மீட்டர் 58-ஐ விட்டு இறங்கவில்லை, நிறுத்தியதும் 44-க்கு வந்தது. ஃபேன் காற்று நேராக மைக்கில் பட்டால் எண் தாறுமாறாகக் குதிக்கும். ஃபேன், ஏசி, முடிந்தால் ஃப்ரிட்ஜ்கூட அரை மணி நேரத்துக்கு நிற்கட்டும். வியர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தெருவில் வண்டி குறைந்த நேரமாகப் பார்த்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

போனில் இருக்கும் ஆப்பை நம்பலாமா?

பாதி நம்பலாம். போன் காட்டும் 75 உண்மையில் 71 ஆகவோ 79 ஆகவோ இருக்கலாம். ஆனால் நமக்கு வேண்டியது ஐந்து ஸ்பீக்கரும் சமமா இல்லையா என்பதுதான். தவறு ஐந்துக்கும் ஒரே அளவாக இருந்தால் ஒப்பிடுவதில் பாதகம் இல்லை. போன் உறையைக் கழற்றிவிடுங்கள், மைக் ஓட்டையை விரலால் மறைக்காதீர்கள், போனை இடம் மாற்றாதீர்கள்.

சப்வூஃபருக்கு மட்டும் போனை நம்ப வேண்டாம். போன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது, தாழ்ந்த ஒலிகளை நிறைய தவறவிடும். போன் எண்ணைப் பார்த்து சப்பை ஏற்றினால் வீடு அதிரும்.

சரி, எப்படி அளப்பது? முதலிலிருந்து சொல்லுங்கள்.

முதலில் ஸ்பீக்கர்களை இடத்தில் வையுங்கள். முன் இரண்டும் உங்களுக்கு நேர் எதிரிலிருந்து இடமும் வலமும் ஏறக்குறைய 30 டிகிரியில் இருக்க வேண்டும். 5.1-ல் சரவுண்ட் இரண்டும் காதுக்குச் சற்றுப் பின்னால், 110 டிகிரி வாக்கில் வர வேண்டும். நம் ஹாலில் அச்சாக அமையாது, முடிந்தவரை பார்த்தால் போதும். இடத்தை மாற்றினால் லெவலும் மாறும் என்பதால் இது முதல் வேலை.

அடுத்து வயரைப் பாருங்கள். ரிசீவரில் சிவப்பில் செருகிய இழை ஸ்பீக்கரிலும் சிவப்புக்கே போகிறதா? ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறியிருந்தாலும் குரல் நடுவில் நிற்காது, முன்பக்க பேஸ் மெலிந்துவிடும். லெவல் எவ்வளவு சரியாக வைத்தாலும் இந்தக் குறை தீராது. ஒரு நண்பர் வீட்டில் ஒரு மணி நேரம் லெவலோடு போராடிவிட்டு, கடைசியில் முன் இடது ஸ்பீக்கரின் வயர் மாறியிருந்ததைக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து வயரைப் பார்க்காமல் மீட்டரைக் கையில் எடுப்பதில்லை.

மூன்றாவது, ரிசீவர் மெனுவில் ஸ்பீக்கர் செட்டப்புக்குப் போய் அளவைக் குறிப்பிடுங்கள். நம் வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 'ஸ்மால்'தான். கிராஸ்ஓவரை, அதாவது எதற்குக் கீழே உள்ள ஒலியை சப்புக்கு அனுப்புவது என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள், உள்ளங்கை அளவு குட்டி ஸ்பீக்கர் என்றால் 120 அல்லது 150. பிறகு டேப்பை எடுத்து ஒவ்வொரு ஸ்பீக்கரும் உங்கள் தலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து 'டிஸ்டன்ஸ்' பகுதியில் போடுங்கள்.

இப்போதுதான் லெவல். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் மீட்டரை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், மைக் மேலே பார்க்கட்டும். மீட்டரில் 'சி' வெயிட்டிங், 'ஸ்லோ' தேர்வு செய்யுங்கள். 'ஏ' வெயிட்டிங் தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிடும், 'ஃபாஸ்ட்' வைத்தால் முள் நிற்காது. டெஸ்ட் டோனைப் போடுங்கள். 'உஸ்ஸ்' என்று அருவிச் சத்தம் மாதிரி ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் மாறி மாறி வரும். சில ரிசீவர்களில் டோனின் அளவை ரிசீவரே முடிவு செய்துகொள்ளும். சிலவற்றில் மாஸ்டர் வால்யூமைப் பொறுத்து மாறும். அப்படி மாறினால் முன் இடது 75 காட்டும்வரை வால்யூமை ஏற்றிவிட்டு, அப்புறம் அதைத் தொடாதீர்கள்.

ஒவ்வொரு ஸ்பீக்கரும் 75-க்கு வரும்வரை அதனதன் லெவலை அரை அல்லது ஒரு டெசிபலாக ஏற்றி இறக்குங்கள். எண் கொஞ்சம் ஆடும், பத்து விநாடி பார்த்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மீட்டருக்குப் பின்னால் குனிந்து நின்றால் சரவுண்ட் சத்தத்தை உங்கள் உடம்பே மறைக்கும், ஒதுங்கி நில்லுங்கள். ஐந்தும் முடிந்ததும் இன்னொரு சுற்று வாருங்கள். ஒரு டெசிபலுக்குள் எல்லாம் அடங்கிவிட்டால் போதும், அதற்குக் கீழே காதுக்கு அவ்வளவாகப் பிடிபடாது.

ரிசீவரோடு ஒரு மைக் கொடுத்தார்களே, அது தானாகச் செய்யாதா?

செய்யும், நன்றாகவே செய்யும். டெனானிலும் மராண்ட்ஸிலும் ஆடிஸி, யமஹாவில் ஒய்பாவ், பயனியரில் எம்கேக் என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். தூரம், லெவல் எல்லாவற்றையும் அதுவே அளந்து போட்டுவிடும். பலர் செய்யும் தவறு மைக்கை வைக்கும் இடத்தில்தான். சோபா குஷன் மேலே போட்டுவிடுவார்கள், அல்லது கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சோபாவின் முதுகுப்பகுதி சரவுண்ட் சத்தத்தை மறைத்துவிடும், மைக்கும் 'சரவுண்ட் அடங்கியிருக்கிறது' என்று நினைத்து ஏற்றிவிடும். மைக்கை ஸ்டாண்டில், காது உயரத்தில், சோபா முதுகிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பல இடங்களில் அளக்கச் சொன்னால் முதல் இடம் உங்கள் முக்கிய இருக்கையாக இருக்கட்டும்.

முடிந்ததும் மெனுவில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். சப்வூஃபர் தூரம் நிஜத்தைவிட நாலைந்து அடி அதிகமாகக் காட்டினால் திருத்த வேண்டாம். சப்புக்குள் இருக்கும் மின்னணுப் பகுதி சத்தத்தைச் சற்றுத் தாமதமாக வெளிவிடும், அதையும் சேர்த்துத்தான் தூரமாகக் கணக்குப் போட்டிருக்கிறது. மற்ற ஸ்பீக்கர் ஏதாவது டேப் அளவோடு பெரிதாக முரண்பட்டால் மட்டும் மறுபடி ஓட்டுங்கள்.

வசனமே புரியவில்லை. சென்டரை எவ்வளவு ஏற்றலாம்?

எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி இது. வயதான அப்பா அம்மா இருக்கும் வீடு என்றால் இதைச் சரிசெய்து கொடுப்பதற்காகவே ஒரு நாள் ஒதுக்கலாம். ஆனால் உடனே லெவலைத் தொடாதீர்கள்.

முதலில் 5.1 ஒலி நிஜமாகவே வருகிறதா பாருங்கள். டிவியின் ஆடியோ அவுட்புட் 'பிசிஎம்' என்று இருந்தால், ஓடிடி ஆப் 5.1 கொடுத்தாலும் பெரும்பாலும் இரண்டு சேனலாக (இடது, வலது மட்டும்) சுருங்கித்தான் ரிசீவருக்கு வரும். ரிசீவரும் 'ஸ்டீரியோ' மோடில் இருந்தால் சென்டர் ஊமையாகவே இருக்கும், அதை +10-க்கு ஏற்றினாலும் பயன் இல்லை. டிவியில் 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'ஆட்டோ' தேர்ந்தெடுங்கள். ரிசீவரின் சிறிய திரையில் டால்பி அல்லது டிடிஎஸ் என்று வருகிறதா பாருங்கள். இரண்டு சேனல் பழைய படம் என்றால் டால்பி சரவுண்ட் மோடைப் போட்டால் குரல் சென்டருக்கு வந்துவிடும்.

அடுத்து சென்டர் இருக்கும் இடம். ஷெல்ஃபுக்குள் இருந்தால் முன்விளிம்புவரை இழுங்கள். தரையை ஒட்டி இருந்தால் முன்பக்கத்துக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்து, முகம் உங்கள் காதைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள். முழங்காலைப் பார்த்துப் பேசும் ஸ்பீக்கரில் 'ச', 'த', 'ப' எல்லாம் மழுங்கிவிடும். என் வீட்டில் சென்டரை வெளியே இழுத்துச் சாய்த்ததில் +3 ஆக இருந்த லெவல் +1-க்கு வந்தது, குரலும் தெளிந்தது.

மூன்றாவது, அறை. டைல்ஸும் வெறும் சுவருமாக இருக்கும் ஹாலில் ஒவ்வொரு சொல்லும் எதிரொலித்து அடுத்த சொல்லின் மேல் விழும். கைதட்டிப் பாருங்கள், 'டங்' என்று நீண்டால் அதுதான் காரணம். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் கனமான ஜமுக்காளம் விரியுங்கள், ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். செலவு குறைவு, பலன் பெரிது.

இவ்வளவும் செய்த பிறகு சென்டரை 1 முதல் 3 டெசிபல் ஏற்றுவதில் தப்பே இல்லை. உங்கள் வீடு, உங்கள் காது. அதற்கு மேல் போனால் குரல் மட்டும் தனியாகப் பிரிந்து நிற்கும்.

வசனம் தெளிவாக இருந்தும் சண்டைக்காட்சி மட்டும் தூக்கிவாரிப் போட்டால், அது லெவல் பிரச்சினை இல்லை. படத்திலேயே மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி இருக்கிறது. ரிசீவரில் 'நைட் மோட்' அல்லது 'டைனமிக் ரேஞ்ச்' என்று ஒன்று இருக்கும், ராத்திரியில் அதைப் போடுங்கள்.

சப்வூஃபரை எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது?

சப் அறையோடு சேர்ந்து பேசும் ஆள். மூலையில் வைத்தால் சத்தம் ஊதிப் பெருகும், இரண்டடி நகர்த்தினால் சில ஒலிகள் காணாமலே போகும். நல்ல இடம் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபா மேலேயே வைத்து, பேஸ் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, அறையைச் சுற்றித் தரையோடு தவழ்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் ஒரே அளவாகக் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள்.

சப்பின் பின்னால் இருக்கும் கெயின் குமிழை (சப்பின் சொந்த வால்யூம்) நடுவில் நிறுத்துங்கள். அங்கே கிராஸ்ஓவர் குமிழும் இருந்தால் உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள், அந்த வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். டெஸ்ட் டோனில் நல்ல மீட்டர் இருந்தால் 75 பாருங்கள், எண் அதிகமாகவே ஆடும். பேஸ் பிடிக்கும் என்றால் அதற்கு மேல் 2, 3 டெசிபல் ஏற்றிக்கொள்ளலாம். ஃபேஸ் ஸ்விட்சை 0, 180 இரண்டிலும் வைத்து, தபேலாவோ டிரம்ஸோ எதில் கனமாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள்.

சப் சரியாக இருப்பதற்கு என் அடையாளம்: ஆண் குரல் பேசும்போது சப் இருப்பதே தெரியக்கூடாது. குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால் லெவல் அதிகம், அல்லது கிராஸ்ஓவர் மேலே போய்விட்டது.

பின்னால் இருக்கும் ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை. ஏற்றிவிடவா?

டெஸ்ட் டோனில் 75 வந்ததா? வந்தது என்றால் விட்டுவிடுங்கள். சரவுண்டுக்குப் பாதி நேரம் காற்றும் தெருச் சத்தமும்தான் வேலை. காசு கொடுத்து வாங்கியது கேட்க வேண்டும் என்று நானும் முதலில் +6 வைத்திருந்தேன். மழைக்காட்சி வந்தபோது முதுகுக்குப் பின்னால் குழாய் திறந்த மாதிரி இருந்தது, கண் திரையில் நிற்கவில்லை. 75-க்கு இறக்கியதும் மழை அறை முழுக்கப் பெய்தது.

சோபாவில் நாலு பேர். யார் இடத்தில் அளப்பது?

நடு இடத்தில். ஓரத்தில் இருப்பவருக்குப் பக்கத்து சரவுண்ட் உறுத்தினால் அந்த ஸ்பீக்கரைச் சுவரில் ஓரிரண்டு அடி உயர்த்தி மாட்டுங்கள். உயரத்தில் இருந்தால் ஓரத்து ஆளுக்கும் நடு ஆளுக்கும் தூர வித்தியாசம் குறையும்.

லெவல் −12-க்கு வந்து நின்றுவிட்டது, இன்னும் இறங்கவில்லை.

சப் என்றால் பின்னால் உள்ள கெயினைக் குறைத்துவிட்டு மறுபடி அளங்கள். மற்ற ஸ்பீக்கர் என்றால் அது காதுக்கு மிக அருகில் இருக்கிறது, நகர்த்துங்கள்.

தூரம் கொஞ்சம் தப்பாகப் போட்டால் என்ன ஆகும்?

சத்தம் ஓர் அடி கடக்க ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே ஆகும். அரை அடி தவறினால் ஒன்றும் ஆகாது. ஆனால் நாலைந்து அடி தவறினால், லெவல் சமமாக இருந்தும் சத்தம் ஒரு பக்கம் இழுப்பது போல இருக்கும். முதலில் வந்து சேரும் சத்தத்தைத்தான் காது 'அங்கிருந்து வருகிறது' என்று எடுத்துக்கொள்ளும்.

ரிசீவரில் வால்யூம் −25 என்று மைனஸில் காட்டுகிறதே, ஏன்?

0 என்பது மேலே சொன்ன சினிமா அளவு. லெவல்களை 75-க்கு வைத்த பிறகு மாஸ்டர் வால்யூமை 0-க்குக் கொண்டுபோனால், ஒவ்வொரு சேனலிலும் உச்சம் 105 டெசிபல், சப்புக்கான தனிச் சேனலில் 115 வரை வரலாம். வீட்டில் அது தாங்காது, பக்கத்து வீட்டுக்கும் தாங்காது. −25, −20 எல்லாம் வழக்கமான இடம்தான்.

இப்படிக் குறைத்துக் கேட்கும்போது பேஸ் காணாமல் போவது போல இருப்பது காதின் இயல்பு. சத்தம் குறையக் குறையத் தாழ்ந்த ஒலிகளைக் காது அதிகமாகத் தவறவிடுகிறது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைபடமாக்கினார்கள். ஆடிஸி உள்ள பல ரிசீவர்களில் 'டைனமிக் ஈக்யூ' இருக்கும், அது இந்தக் குறையை ஈடுகட்டும். கூடவே சரவுண்டையும் சற்று ஏற்றும் என்பதால், பின்பக்கம் அதிகமாகத் தோன்றினால் அதை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள்.

ரிசீவர் இல்லை, எல்லாம் ஒன்றாக வந்த செட். என்ன செய்வது?

ரிமோட்டில் 'லெவல்' அல்லது 'டெஸ்ட்' பட்டன் இருக்கிறதா பாருங்கள். பல செட்களில் சென்டர், சரவுண்ட், சப் மூன்றையும் தனித்தனியாக ஏற்றி இறக்க வசதி இருக்கும். டெஸ்ட் டோன் இல்லாவிட்டால், ஒவ்வொரு சேனலிலும் தனித்தனியாக 'பிங்க் நாய்ஸ்' (அதே அருவிச் சத்தம்) வரும் 5.1 ஃபைல் ஒன்றைப் பென்டிரைவில் போட்டு ஓட்டுங்கள். யூடியூபில் '5.1 டெஸ்ட்' என்று வருபவை பெரும்பாலும் இரண்டு சேனலாகத்தான் வந்து சேரும் என்பதால் அவற்றை வைத்து அளக்க வேண்டாம்.

ஒரு முறை வைத்தால் போதுமா?

சோபாவை நகர்த்தினால், அலமாரி புதிதாக வந்தால், திரைச்சீலை மாற்றினால், ஸ்பீக்கர் மாற்றினால் மறுபடி அளங்கள். சும்மா வருஷம் ஓடியதற்காக அளக்க வேண்டியதில்லை. ரிசீவரை ரீசெட் செய்தால் போட்ட எண்கள் எல்லாம் அழிந்துவிடும். அதனால் லெவல், தூரம், கிராஸ்ஓவர் மூன்றும் இருக்கும் மெனு பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ரிசீவரின் பக்கவாட்டில், காற்றோட்டத் துளைகளை மறைக்காமல் ஒட்டியிருக்கிறேன். சென்டரை இழுத்துச் சாய்த்த அன்று அதில் +3-ஐ அடித்துவிட்டு +1 என்று எழுதியது இன்னும் இருக்கிறது.